கப்பலுக்குக் கழிவு போட்டவர்

தொண்ணூற்றெட்டாயிரத்து இருநூற்று முப்பது டன். இந்த எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் அமல்ராஜ் இந்தச் சித்திரை மாதம் முழுக்க டீ கேட்கிறார். ஆரணி பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில், வடைச்சட்டியின் ஆவி கண்ணாடியில் படிய நின்றுகொண்டு, பக்கத்தில் யார் நின்றாலும் அவர்களுக்கும் கேட்கும்படி சொல்வார்.

"ஒரு லட்சத்துக்குக் கீழ கொண்டாந்துட்டேன் தசரதா! அம்மாம்பெரிய கப்பலு!"

கடைக்காரர் தசரதன் சட்டியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. "சக்கர போட்டதா, போடாததா?"

"போடாதது. நம்ப கார்பனயும் நாம பாத்துக்கணும் இல்ல?"

சர்க்கரைக்கும் கார்பனுக்கும் என்ன தொடர்பு என்று தசரதன் கேட்பதில்லை. கேட்டால் அமல்ராஜ் சொல்லிவிடுவார் என்ற பயம்.

அந்த எண், ஓர் உல்லாசக் கப்பல் சென்ற ஆண்டு முழுக்க வானத்தில் விட்ட கரியமில வாயுவின் எடை. கப்பலின் பெயர் எலீசியா. பதினேழு மாடி, ஆறு நீச்சல் குளம், பனிச்சறுக்கு ஆட ஓர் அரங்கம். ஐயாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு வடகடல்களைச் சுற்றி, எங்கே ஏற்றியதோ அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிடுவது அதன் தொழில். அது எவ்வளவு எரித்தது, எவ்வளவு புகை விட்டது என்று உலகத்துக்குச் சொல்லும் ஆண்டறிக்கை ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் தயாராகிறது. தயாரிப்பவர் அமல்ராஜ். வயது நாற்பத்தாறு. கப்பலில் ஏறியதில்லை. ஒருமுறை முட்டுக்காட்டில் படகில் ஏறி, கரையை விட்டு ஒரு கூப்பிடு தூரம் போவதற்குள் 'திருப்புங்க, திருப்புங்க' என்று கத்தியதாக அவர் மனைவி டயானா சொல்கிறார். அமல்ராஜ் அதை மறுக்கிறார். கத்தவில்லையாம், சொன்னாராம்.

அவருடைய அலுவலகத்துக்குப் போகிறவர்கள் படியில் ஏறும்போதே அவர் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடலாம். சுவரில் ஒரு முறை, கதவில் ஒரு முறை, குடிதண்ணீர் கேனின் மேல் ஒரு முறை: பி. அமல்ராஜ், எம்.காம்., பசுமைத் தரவு ஆலோசகர். மாதா கோயில் திருவிழாவுக்கு அவர் போட்டுக் கொடுத்த விளக்கு வளைவில் மாதாவின் பெயரைவிட அவர் பெயர் அரை அடி உயரமாக எரிந்தது. பங்குத்தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டபோது அமல்ராஜ் பதிலைத் தயாராக வைத்திருந்தார்: "மாதாவ எல்லாருக்கும் தெரியும் ஃபாதர். என்ன யாருக்குத் தெரியும்?"

மாடியில் ஆறு பெண்கள் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். கடலில் எங்கோ நடுப்பகல் ஆகும்போது எலீசியாவிலிருந்து ஒரு தகவல் வரும்: இன்று இவ்வளவு தூரம், இவ்வளவு வேகம், இவ்வளவு எரிவாயு. அதைக் கட்டங்களில் ஏற்றுவது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவள் லாவண்யா, முள்ளிப்பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பெண், கணக்கில் எம்.எஸ்ஸி. அவளை அமல்ராஜ் "இன்னாம்மா", "தே, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். காகிதக் கோப்பைக்கு அங்கே தடை. ஒருமுறை ஒரு பெண் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் சாம்பார் வாங்கி வந்ததற்காக, ஆமைகள் எப்படிச் சாகின்றன என்று சாப்பாட்டு வேளை முழுக்கப் பேசினார். அவள் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

மின்சாரம் போனால் படிக்கட்டுக்கு அடியில் அவருடைய டீசல் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்திருக்கும். அதன் புகை நேராகக் கீழே பட்டுக்கடையில் விரித்து மாட்டிய சேலைகளின் மேல் போகும். கடைக்காரர் கந்தசாமி படியில் நின்று கத்துவார்: "யோவ் அமலு, உன் கப்பல் புகைய எண்றியே, இந்தப் புகைய யாரு எண்றது?"

"அது ஸ்கோப்ல வராதுங்க."

ஸ்கோப் என்பது அவர் தொழிலில் ஒரு வேலி. உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். வெளியே இருப்பதைப் பார்த்தால் எண்ணத் தோன்றும் என்பதால் பார்க்கக்கூடாது. இதை அமல்ராஜ் சென்னையில் ஒரு குளிரூட்டிய அலுவலகத்தில் பத்து வருடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

இன்னொன்றை அவர் கற்றுக்கொள்ளவில்லை, பிறப்பிலேயே வந்தது. கையில் எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். மாம்பழம், செல்போன், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. அப்பா பவுல்துரை முள்ளிப்பட்டுத் தறிகளுக்குப் பாவும் ஊடையும் கொடுத்துச் சேலை வாங்கியவர். அந்த வீட்டில் எல்லாமே எடை. பட்டு நூலைச் சாயக்காரரிடம் ஒரு கிலோ கொடுத்தால் முக்கால் கிலோதான் திரும்பி வரும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது நூலின் மேல் இருக்கும் பசை தண்ணீரில் போய்விடும். அந்தக் கால் கிலோவுக்குக் கழிவு என்று பெயர். அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கே போனது என்று கேட்பவன் தொழில் தெரியாதவன்.

கப்பல் கணக்கில் முதல் இரண்டு வருடம் அமல்ராஜுக்கு இந்த ஞானம் தேவைப்படவில்லை. புகை கூடியது, கம்பெனியோ குறைந்ததாகச் சொல்ல விரும்பியது. அமல்ராஜ் மொத்தப் புகையைப் பயணிகளின் தலைக்கு வகுத்தார். குறைந்தது. மறு வருடம் பயணிகள் குறைந்து தலைக்கணக்கு ஏறியபோது, தலையை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு வகுத்தார். காலிக் கட்டில்களும் கடலில் பயணம் செய்தனவே! அதுவும் குறைந்தது. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. அதைச் சட்டம் போட்டு, தன் படத்துக்குக் கீழே மாட்டினார்.

இந்த வருடம் வகுத்தல் செல்லவில்லை. எலீசியா ஒரு லட்சம் டன்னுக்குக் கீழே வரும் என்று கம்பெனி மேடை போட்டுச் சொல்லிவிட்டது. வந்த கணக்கோ ஒரு லட்சத்து நாலாயிரத்து ஐந்நூறு. தலைமையகத்துச் சூழல் பிரிவின் தலைவி, அவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அமல்ராஜுக்கே நிச்சயமில்லை, காணொலியில் வந்து சிரித்தார். "உங்களால் முடியும் என்று எங்களுக்குத் தெரியும் மிஸ்டர் ராஜ்." அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று அமல்ராஜுக்குப் புரிந்தது. முடியாவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போகும்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், கப்பலின் தினசரித் தகவலில் தான் இதுவரை கவனிக்காத ஒரு பத்தியைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு சிறிய எண் இருந்தது. நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு ஏழு, சராசரி ஆறு. கப்பல் பொறியாளருக்கு எழுதிக் கேட்டார். பதில் ஒரே வரி: எஞ்சினுக்குள் போய் எரியாமலே வெளியேறிவிடும் எரிவாயு.

அமல்ராஜ் எழுந்து நின்றுவிட்டார். "கழிவு!" என்று கத்தினார். ஆறு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "எரியலன்னா புகை ஏது? இத்தினி நாளா கழிவே போடாம கணக்கு எழுதிகினு இருந்திருக்கோம். எங்கப்பா இருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு."

லாவண்யா மட்டும் கேட்டாள். "சார், எரியாத கேஸ தனியா கூட்டணுமா?"

"கழிவ எவனாச்சும் கூட்டுவானா? பட்டுத்தறி வீட்ல பொறந்துட்டு கேக்குற கேள்வியா இது? ஜல்தியா கழிச்சிட்டுப் போடு."

நூற்றுக்கு ஆறு கழிந்தது. தொண்ணூற்றெட்டாயிரத்து இருநூற்று முப்பது வந்தது. தலைமையகம் கைதட்டியது. மாடியில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் கப்பல் படம், அதற்குக் கீழே பி. அமல்ராஜ், எம்.காம். ஒரு துண்டு கந்தசாமிக்கும் போனது. இப்படியொரு கணக்கின்படி, எஞ்சின் எவ்வளவு ஓட்டையோ கப்பல் அவ்வளவு சுத்தம் என்பது அந்தக் கேக்கைத் தின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவள் கேக்கைத் தொடவில்லை. அன்று அவளுக்கு விரதம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

குட்டு வீட்டில்தான் விழுந்தது. டயானா பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. காலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கல்லில் தோசை. அமல்ராஜ் தட்டுடன் அடுக்களை வாசலில் நின்று, கழிவு கண்டுபிடித்த கதையை மூன்றாவது முறையாகச் சொன்னார். முதல் இரண்டு முறை டயானா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை கரண்டி நின்றது.

"எரியாத கேஸு எங்க போச்சி?"

"வெளில."

"வெளிலன்னா?"

"வெளிலன்னா... ஆகாசத்துக்கு. வேற எங்க போவும்?"

"இன்னா கேஸு அது?"

"எல்.என்.ஜி."

"அய்யோ, அது மீத்தேனுங்க!" டயானா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "புகையவிட அது இருபத்தெட்டு மடங்கு சூடேத்தும். பிளஸ் டூ புள்ள சொல்லும். நீங்க அத கழிச்சிட்டு கேக்கு வெட்னீங்களா?"

"எரியலன்னு நானா சொன்னேன்? கப்பல் எஞ்சினீரே..."

"நம்ப வூட்டு சிலிண்டரு லீக் ஆனா, 'ஆகா, கேஸு எரியல, மிச்சம்'னு சொல்லிகினு உக்காந்திருப்பீங்களா?"

அமல்ராஜ் தோசையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். டயானா அதைப் பிடுங்கித் தட்டில் போட்டார்.

"கம்பெனிக்குத் தெரியாதா இது?" என்றார் அமல்ராஜ். "அவங்களே கை தட்டுனாங்க."

"தட்டுவாங்க. பேப்பர்ல யாரு பேரு இருக்கு? உங்க பேரு. நாளைக்கு ஒருத்தன் கேட்டா கம்பெனி பொய்யின்னா சொல்லுவான்? அமல்ராஜ் பொய்யின்னுதான் சொல்லுவான்."

மீத்தேன் செய்யாததை இது செய்தது. மனிதருக்கு நிறம் மாறிவிட்டது. டயானா பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். தோசை பாதியில் கிடந்தது.

அலுவலகத்தில் லாவண்யாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அந்தக் கேஸ கூட்டினா எவ்ளோம்மா வரும்?"

அவள் கணினியைத் தொடக்கூட இல்லை. "ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் சார். சில்லறை எழுவது."

"எப்பப் போட்ட?"

"அன்னிக்கே போட்டேன். நீங்க கேக்கு ஆர்டர் பண்ணிகினு இருந்தீங்க."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேனே சார். கழிவ எவனாச்சும் கூட்டுவானான்னு கேட்டீங்க. தறி வீட்ல பொறந்ததயும் இழுத்தீங்க."

அமல்ராஜ் அவளைப் பார்த்த பார்வை, அறுபத்துநாலாயிரம் டன்னை அவளே முள்ளிப்பட்டிலிருந்து தலையில் சுமந்துவந்து மாடியில் இறக்கியது போல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த வேலை போனால் ஆறு பெண்களின் கதி என்ன என்று உருகினார். தன் கதியை அவர் சொல்லவில்லை. அவர்களுடையதிலேயே அதையும் சேர்த்து அழுதுவிட்டார்.  லாவண்யா வீட்டில் தறி ஓடாத மாதங்களில் அவள் சம்பளம்தான் அடுப்பு. அது அமல்ராஜுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காணொலி. அறிக்கைக்குக் கடைசி ஒப்புதல். அமல்ராஜ் முழுக்கை சட்டை போட்டு, ஜெபமாலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்களை எடுத்துக் கொடுக்க லாவண்யா பக்கத்தில் நின்றாள். தலைவி திரையில் சிரித்தார். அமல்ராஜ் சுற்றி வளைத்து, பட்டு, பசை, சாயக்காரர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கடந்து, கடைசியில் மீத்தேனுக்கு வந்து சேர்ந்தார். சொல்லி முடித்தபோது அக்குள் நனைந்திருந்தது. இது மனச்சாட்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன் பெயரைக் காப்பாற்ற வந்த வேர்வை.

தலைவி தலை சாய்த்துக் கேட்டார். பிறகு, அறிக்கையின் தலைப்பைப் படிக்கச் சொன்னார். அமல்ராஜ் படித்தார்: கரியமில வாயு.

"மீத்தேன் என்று எங்காவது இருக்கிறதா?"

"இல்லை மேடம்."

"அப்படியென்றால் நீங்கள் தவறு செய்யவில்லை. தலைப்புக்கு உண்மையாக இருந்திருக்கிறீர்கள்." அதோடு நிற்கவில்லை. அந்தக் கழித்தல் முறை அருமையானது என்றார். அதற்கு 'எரியா எரிபொருள் சலுகை' என்று பெயர் வைக்கலாம் என்றார். மற்ற மூன்று கப்பல்களின் கணக்கையும் இனி இதே முறையில் ஆரணியிலேயே செய்யலாம் என்றார்.

அமல்ராஜுக்கு மூச்சு வந்தது. மூன்று கப்பல்! லாவண்யாவின் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக்கூடக் காட்டினார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சம்பிரதாயம்," என்றார் தலைவி. "புதிய முறை என்பதால் அதற்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தின் பெயர் கூடாது, ஆளின் பெயர். பின்னால் ஏதாவது துறைமுகத்திலோ நீதிமன்றத்திலோ கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்வார். உங்கள் பெயரையே போட்டுவிடலாம்தானே?"

படிச்சுவரிலும் கதவிலும் கேனிலும் கேக்கிலும் பெயர் போட்டவர், மாதாவையே அரை அடி கீழே இறக்கியவர், லாவண்யாவைத் திரும்பிப் பார்த்தார்.  

"மேடம், இந்த முறையை உருவாக்கியதே எங்கள் லாவண்யாதான். ஒரு இளம் பெண்ணுக்கு இந்தப் பெருமை போக வேண்டும் என்று எனக்கு ஆசை."

தலைவி நெகிழ்ந்துபோனார். பெண்களுக்கு வாய்ப்புத் தருவது தங்கள் கம்பெனியின் கொள்கை என்றார்.

அமல்ராஜ் ஒலியை அணைத்துவிட்டு எழுந்தார். தன்னுடைய சுழல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பையிலிருந்து கர்சீப்பை எடுத்து உட்காரும் இடத்தைத் துடைத்தார்; கைப்பிடிகளையும் துடைத்தார்.

"உக்காருங்க மேடம்."

அந்த மாடியில் அவர் வாயிலிருந்து ஒரு பெண்ணுக்கு 'ங்க' வந்தது அதுதான் முதல் முறை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஐந்து தலைகள் நிமிர்ந்தன.

"இருக்கட்டும் சார். நிக்கறேன்."

"அட, உக்காருங்கன்றேன். இனிமே நீங்கதான் பொறுப்பு. சம்பளமும் பேசிக்கலாம்."

"நான் கூட்டித்தான் போட்டேன் சார். கழிச்சது நீங்க. கழிச்சவங்க கையெழுத்துப் போடுங்க."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? ஒரு கையெழுத்து. கப்பல் எங்கியோ கீது, நீ எங்கியோ கீற. எவன் வந்து கேக்கப் போறான்?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னா நீங்களே போடலாமே சார்?"

தடுப்புக்கு அப்பால் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கி இருமினாள். அமல்ராஜின் 'ங்க' வந்த வேகத்திலேயே போய்விட்டது. வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா என்று கேட்டார். நாளைக்கு வேலை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டார். லாவண்யா தன் மேசைக்குப் போய், சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். கணினியை முறையாக அணைத்தாள். பக்கத்துப் பெண்ணிடம் முள்ளிப்பட்டு பஸ் இப்போது இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றாள் அவள். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கீழே கந்தசாமி "இன்னாம்மா, இன்னிக்கு சீக்கிரமா?" என்று கேட்பதும், "ஆமாங்க" என்று அவள் சொல்வதும் மாடிவரை கேட்டது.

திரையில் தலைவி இன்னும் சிரித்தபடி காத்திருந்தார். அமல்ராஜ் ஒலியைத் திறந்தார். பெயரைத் திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பிறகு தன் நாற்காலியில் அவரும் உட்காரவில்லை. பஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டு இடம் பிடிப்பவரைப் போல, கர்சீப்பை அதன் மேல் விரித்துப் போட்டார். நின்றபடியே போனை எடுத்து, வெம்பாக்கத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஒரு நண்பரைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை வெம்பாக்கத்திலிருந்து சுகன்யா என்ற பெண் வேலைக்குச் சேர வருகிறாள். அவளுக்கு இது முதல் வேலை.